நிப்பிள் மறந்த பிள்ளை

வீரபாண்டி, திருப்பூர்
8.7.2024

அன்புள்ள அக்கா சனோபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு தேவலையா? நேற்று உன்னைப் பார்த்தபோது கன்னம் இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. பிள்ளை மவுத்தாகி நாற்பது கழிந்துவிட்டது, இனி எழுந்து நடமாடு என்று ஆளாளுக்கு உனக்குச் சொல்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கிறது? மாமி வைத்துத் தரும் கஷாயத்தை மட்டும் வாசலில் ஊற்றாமல் குடி. மச்சானுக்கும் மாமிக்கும் என் ஸலாம்.

நேற்று சாயங்காலம் மச்சான் போனில் பேசினேனே, உன்னிடம் விட்டுவந்த என் மகள் ஆஃப்ரின் கத்திய கத்தல் இன்னும் காதிலேயே இருக்கிறது. நீ பாதியில் போனை அணைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கென்று ஒரு போன் கிடையாது. மச்சான் போனுக்கு எழுதி அனுப்பினால் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் படித்துச் சிரிப்பார்கள்.

வந்த அவசரத்தில் விவரமாகச் சொல்லவில்லை. எங்கள் கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் குழந்தைகளுக்கென்று ஓர் அறை திறக்கப்போகிறார்கள். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் அக்டோபரில் ஆளனுப்பிக் கம்பெனியைச் சோதிப்பார்களாம். ஆடிட் என்கிறார்கள். அதற்குள் அறை தயாராகிவிடும். ஆபீஸில் இருக்கும் சித்ராதேவி மேடம் ஆஃப்ரின் பெயரை எழுத ஆரம்பித்தார். அவள் வாயைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"ஏனுங்க, நிப்பிள் சப்பற புள்ளைய எடுத்துக்க முடியாதுங்க. ஒண்ணு கீழ போட்டா இன்னொண்ணு எடுத்து வாயில வெச்சுக்கும். ஆடிட்டர் பாத்தா எழுதிப் போட்டுருவாங்க. மறக்கடிச்சுட்டுக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

இத்தனை நாள் பக்கத்து ரூம் ஒடிசாக்காரப் பெண் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். அவள் ஊருக்குப் போய்விட்டாள். அந்த அறையில் இடம் கிடைக்காவிட்டால் ஆஃப்ரினை நான் என்னோடு வைத்துக்கொள்ள முடியாது. வேலையை விட்டால் சோற்றுக்கு வழியில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளையைப் பூட்டிவிட்டும் போக முடியாது. ஒரு ரப்பர் துண்டில் வந்து நிற்கிறது என் பிழைப்பு.

அதை அவள் வாயில் வைத்தவளும் நான்தான். ஷாபாஸ் ஹைதராபாத்தில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு, இனி வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியபோது அவளுக்கு எட்டு மாதம். மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டிப் பாலை வற்றவைத்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தேன். அவளுக்குப் பாலின் இடத்தில் நிப்பிள்.

மெதுவாக மறக்கடி அக்கா. வேப்பெண்ணெய் மட்டும் தடவாதே. அழுதால் தூக்கி வைத்துக்கொள். ஒரு மாதத்தில் வந்து கூட்டிக்கொள்கிறேன்.

உனக்காகத் துஆ செய்யும்
தங்கை பெனாசிர்


பள்ளபட்டி
14.7.2024

அன்புத் தங்கை பெனாசிருக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஓவர் டைம் பார்த்துவிட்டு வெறும் டீயைக் குடித்துப் படுக்காதே. மாமிக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. எதையும் படிக்க முடியவில்லை. ஆபரேஷன் பண்ண வேண்டும் என்கிறார்கள்.

உன் கடிதத்தைப் படித்தேன். நீ போன் செய்ய வேண்டாம். அன்றைக்கு உன் குரல் கேட்டதும் ஆஃப்ரின் போனை வாங்கி அதன் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நீ அதற்குள் எங்கேயோ இருக்கிறாய் என்று நினைத்திருப்பாள். பிறகு நிப்பிளைக் கடித்துக்கொண்டு அழுதாள். ஒன்றை மறக்கடிக்க வேண்டுமென்றால் இன்னொன்றை ஞாபகப்படுத்தக் கூடாது. எழுது. எழுத்துக்குக் குரல் கிடையாது. நான் சொல்லும்வரை நேரிலும் வராதே. பிள்ளையின் நல்லதுக்குத்தான்.

நிப்பிளைக் காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.

என் உடம்பைக் கேட்டாய். பால் இன்னும் வற்றவில்லை. மாமி தினமும் மல்லிகைப்பூ வைத்துக் கட்டிவிடுகிறார். பூதான் வாடுகிறது. "குடிக்க ஆளில்லாத ஊட்டுல இது எதுக்கு இப்படிச் சொரக்குது?" என்று மாமி கேட்கிறார். என்னைக் கேட்டால் நான் யாரைக் கேட்பேன்?

கவலைப்படாதே. என்னிடம்தானே இருக்கிறாள்.

வஸ்ஸலாம்.
சனோபர்


வீரபாண்டி
19.7.2024

அன்புள்ள அக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை, எழுதிவிட்டேன். மாமிக்கு ஆபரேஷனை நாள் தள்ளாமல் பண்ணச் சொல்.

போன் வேண்டாம் என்கிறாய். சரி. உன்னைவிடவா எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் உன்னிடம்தான் பிள்ளையைக் கொடுத்திருக்கிறேன், அதனால் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து போனைக் கையில் எடுத்து எடுத்து வைக்கிறேன்.

இங்கே இப்போது என்ன தைக்கிறேன் தெரியுமா? குழந்தைகள் கழுத்தில் கட்டுகிற எச்சில் துணி. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு வாய் ஒழுகினால் துடைக்க நாங்கள் வாத்துப் படம் போட்டுத் தைத்து அனுப்புகிறோம். எங்கள் பிள்ளையின் வாயில் நிப்பிள் இருந்தால் அறைக்குள் விடமாட்டார்கள். லைன் சூப்பர்வைசர் சதீஷ்குமாரிடம் இதைச் சொன்னேன். "அக்கா, பீஸ் தேங்குது, கைய ஓட்டுங்க" என்றான். அவனுக்கு அவன் கவலை.

காக்கா கதையை அவள் நம்பினாளா? காக்காவைக் கண்டால் கை தட்டுவாளே, இனி திட்டுவாள். அவள் என்ன சாப்பிடுகிறாள், யார் பக்கத்தில் படுக்கிறாள், பகலில் எத்தனை முறை அழுகிறாள், எல்லாம் எழுது. நீ எழுதியதில் அவளைப் பற்றி நாலு வரிதான் இருந்தது.

பால் விஷயத்துக்கு ஒன்று சொல்கிறேன். பூ கட்டினால் மட்டும் போதாது, இறுக்கிக் கட்ட வேண்டும். எனக்கு ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. வலிக்கும். தாங்கிக்கொள். நின்ற பிறகு ஒன்றும் தெரியாது. இப்போது எப்படி இருக்கிறது என்று எழுது.

உன்
பெனாசிர்


பள்ளபட்டி
11.8.2024

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பிள்ளையோடு நேரம் போவது தெரியவில்லை.

ஆஃப்ரின் இட்லி சாப்பிடுகிறாள். பருப்பு சாதம் சாப்பிடுகிறாள். மச்சான் அவளுக்குப் பச்சையில் ஒரு கவுன் வாங்கி வந்தார். அதைப் போட்டுக்கொண்டு அவரோடு கடைக்குப் போய் மேஜை மேல் உட்கார்ந்துகொள்கிறாள். வந்தவர்கள் எல்லாம் யார் பிள்ளை என்று கேட்டுக் கொஞ்சுகிறார்கள். என் பக்கத்தில்தான் படுக்கிறாள்.

நிப்பிளை இன்னும் அடியோடு விடவில்லை. நடுநடுவே கேட்கிறாள். இந்த நேரத்தில் நீ வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சனோபர்


வீரபாண்டி
16.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மச்சான், மாமி, நீ மூவரும் சுகம்தானே? பச்சைக் கவுன் நன்றாக இருக்கும். அவளுக்குப் பச்சை எடுக்கும். மேஜை மேல் உட்காரவைத்தால் விழுந்துவிடப் போகிறாள், மச்சானிடம் சொல்.

ஆடிட் தேதி வந்துவிட்டது. அக்டோபர் முதல் வாரம். அறைக்கு நீலப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். சுவரில் யானை, வாத்து, கிளி. நாலு தொட்டில் வந்திருக்கிறது. தைத்த துணியில் நூல் பிசிர் வெட்டுகிற மயிலாள் அக்காவை ஆயாவாகப் போடப்போகிறார்கள். எனக்குப் பழகிய மனுஷி. "உம்பொண்ணு வந்தான்னா நாம் பாத்துக்கறேன் கண்ணு, நீ நிம்மதியா மிஷின் ஓட்டு" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். இந்தத் திருப்பூரில் எனக்கு இப்படிச் சொல்ல ஓர் ஆள் கிடைத்திருக்கிறது அக்கா. ஷாபாஸ் போன பிறகு அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் பத்துக்குள் பிள்ளையைக் காட்டிப் பெயர் எழுதிக்கொள்ள வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். அரைகுறையாக மறந்திருந்தாலும் பரவாயில்லை, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உனக்குப் பால் நின்றுவிட்டதா என்று கேட்டிருந்தேன். அதற்கு நீ பதில் எழுதவில்லை. கட்டி விழுந்து காய்ச்சல் கீய்ச்சல் வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. மறைக்காமல் எழுது.

பெனாசிர்


பள்ளபட்டி
24.8.2024

அன்புத் தங்கை பெனாசிருக்கு,

ஸலாம். எனக்கு ஒன்றுமில்லை, சுகமாக இருக்கிறேன்.

ஆஃப்ரினுக்கு லேசாகக் காய்ச்சல். பயப்படும்படி இல்லை, டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார். இந்த நிலையில் அவளைப் பஸ்ஸில் அலைக்கழிக்க வேண்டாம். பகலில் நிப்பிளை மறந்துவிட்டாள். தூங்கும்போது மட்டும் கேட்கிறாள். பாதியில் கொண்டுபோனால் அங்கே போய் மறுபடி வாயில் வைத்துக்கொள்வாள், உன் மேடம் மறுபடி பேனாவை மூடுவார். ஆடிட் முடியட்டும். அறை எங்கே ஓடிவிடப் போகிறது? அதற்குப் பிறகு நிதானமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம். நாங்கள் ஊரில் இருக்கமாட்டோம். மச்சானின் சொந்தத்தில் ஒரு கல்யாணம்.

இங்கே அவளுக்கு ஒரு குறையுமில்லை. அதை நீ நம்ப வேண்டும்.

சனோபர்


வீரபாண்டி
16.9.2024

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். காய்ச்சல் விட்டதா? கல்யாணம் நல்லபடியாக நடந்ததா? இரண்டுக்கும் நீ ஒரு வரி எழுதியிருக்கலாம்.

செப்டம்பர் பத்து போய்விட்டது. சித்ராதேவி மேடத்தின் கையைக் காலைப் பிடித்து, "பிள்ளைக்கு உடம்பு சரியில்லீங்க, அப்புறம் கொண்டாரனுங்க" என்றேன். பெயரைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். பென்சிலில் எழுதியதை அழிக்க எவ்வளவு நேரமாகும்?

நேற்று நான் புறப்பட்டு வந்தேன் என்று உனக்குத் தெரியாது. கரூர் வரை வந்துவிட்டேன். பள்ளபட்டி பஸ் முன்னால் நிற்கிறது, ஏறவில்லை. நீ சொன்னது எல்லாம் மண்டைக்குள் ஓடியது. பார்த்தால் அழுவாள், அழுதால் நிப்பிள் கேட்பாள், கேட்டால் எல்லாம் முதலிலிருந்து. ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டு அடுத்த திருப்பூர் பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போய்ப் பாதியில் திரும்பிய முட்டாள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எனக்கு ஆத்திரமாக வருகிறது அக்கா. உன் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. ஒரு ரப்பரை மறக்க ஒரு பிள்ளைக்கு இத்தனை நாளா? எங்கள் லைனில் கேட்டேன். ஆளுக்கொரு பிள்ளை வளர்த்தவர்கள். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் என்கிறார்கள். நீ அப்படி என்னதான் செய்கிறாய்?

தப்பாக எழுதியிருந்தால் மன்னித்துவிடு. பிள்ளையை இழந்தவளிடம் பேசுகிறோம் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் இருக்கிறது. அந்த நினைப்பால்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பெனாசிர்


பள்ளபட்டி
13.10.2024

அன்பு மகள் பெனாசிருக்கு,

மாமி சபுரா பீவி சொல்ல, பக்கத்து வீட்டு டீச்சர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ். நீ நல்ல சுகத்தோடு இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். எனக்கு ஒரு கண் ஆபரேஷன் முடிந்தது. இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை.

உனக்கு நன்றி சொல்ல வேண்டுமென்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. உன் அக்கா தயங்குகிறாள், அதனால் நானே எழுதச் சொன்னேன். பேரப்பிள்ளையை அடக்கம் பண்ணிவிட்டு வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அடுப்பு எரிந்தும் எரியாத மாதிரி இருந்தது. சனோபர் பைத்தியம் பிடித்தவள்போல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆஃப்ரின் வந்தாள், வீடு வீடானது.

நீ விட்டுப் போன மூன்றாம் நாளே நிப்பிளைத் தூக்கி எறிந்தாகிவிட்டது. சனோபரின் மடியில் பால் இருக்கும்போது அந்த ரப்பர் எதற்கு? பிள்ளை அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைக் கேட்கவில்லை. நான்தான் முதலில் பயந்தேன். பெற்றவளுக்குத் தெரியாமல் செய்யக் கூடாது தாயே என்றேன். நீ முழுச் சம்மதம் எழுதியிருப்பதாகச் சொல்லி உன் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். "என் பிள்ளையும் உன் பிள்ளையும் வேறா அக்கா, உன் பாலைக் குடித்து வளரட்டும்" என்று நீ எழுதியதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். யாருக்கம்மா வரும் இந்த மனசு?

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் கேட்டோம். இரண்டு வயதுக்குள் குடித்த பால் பெற்ற உறவுக்குச் சமம் என்று சொல்லிவிட்டார். பெரியம்மாவின் புருஷன் என்றால் நாளைக்கு அவள் பெரிய மனுஷியானதும் அந்நிய ஆண்தானே. இப்போது என் மகன் ராஜா முகமது அவளுக்கு அத்தாவாகிவிட்டான். அவன் முன்னால் முக்காடு தேவையில்லை. கல்யாணம் பண்ணிக் கொடுக்கும்வரை இந்த வீட்டிலேயே மகளாக இருக்கலாம். சனோபரை அம்மா என்றும் அவனை அத்தா என்றும்தான் கூப்பிடுகிறாள்.

நீ இங்கே வந்து எத்தனை நாள் வேண்டுமானாலும் இருந்து போ. உனக்கும் வயது இருக்கிறது. நல்ல இடமாகப் பார்த்து உனக்கு ஒரு நிக்காஹ் முடித்துவைப்பது எங்கள் பொறுப்பு.

துஆவுடன்
மாமி சபுரா பீவி


பள்ளபட்டி
25.10.2024

பெனாசிருக்கு,

ஸலாம். உன் சுகத்தைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று நினைப்பாய். ஆஃப்ரினின் சுகத்தையாவது எழுது.

மன்னிப்புக் கேட்க இந்தக் கடிதம் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வந்து வாசலில் நின்று கத்தியதை இந்தத் தெருவே கேட்டது. "எம்புள்ளைய எங்கிட்டக் கேக்காம உம்புள்ளை ஆக்கிட்டியே, நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்றாய். மாமி கட்டுப் போட்ட கண்ணோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, "சம்மதம்னு நீதானே எழுதினே தாயே" என்று உன்னைக் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். மச்சானும் என்னைப் பார்த்தார். அவர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. உனக்கு அது போதுமா?

நடந்ததை நீ கேட்கவே இல்லை. முதல் நாள் சாயங்காலம் போனில் உன் குரல் கேட்டு அழுதாளே, அப்போது நிப்பிள் கீழே விழுந்துவிட்டது. கழுவி எடுத்துவரத் திரும்பினேன். அவள் அழுகைக்கு எனக்குப் பால் பெருகி நைட்டி நனைந்துவிட்டது. அவளாகத்தான் தேடிக் கண்டுபிடித்தாள். நான் கொடுக்கவில்லை, ஆனால் தள்ளிவிடவும் இல்லை. நாற்பத்தைந்து நாளாக யாருக்கென்று தெரியாமல் கட்டிக் கட்டி வலித்தது, அன்றைக்கு வலி நின்றது. உனக்கு எழுதி அனுமதி கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா? ஒரு நாளைக்குக் கொடுத்திருப்பாய். அடுத்த நாள் வந்து தூக்கிப்போயிருப்பாய்.

பொய் எழுதினேன், பொய் படித்தேன். அல்லாஹ் கேட்டால் பதில் சொல்கிறேன். ஆனால் நீயும் ஒன்று யோசி. அவள் பசிக்கு நீ ரப்பர் கொடுத்தாய். நான் பால் கொடுத்தேன்.

நீ அவளைத் தூக்கிப்போனபோது பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே வந்தேன். அவள் உன் தோளுக்கு மேலாக என்னிடம் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். நீ திரும்பவில்லை. மாமி மறுபடி மல்லிகைப்பூ வாங்கச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன்.

அவளுக்குக் காலையில் வெறும் வயிற்றில் பால் டம்ளரைக் காட்டாதே, வாந்தி எடுப்பாள். இட்லியைப் பிய்த்துச் சர்க்கரை தொட்டுக் கொடு.

சனோபர்


வீரபாண்டி
4.11.2024

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆஃப்ரின் சுகமாக இல்லை. நானும் இல்லை. நலம் விசாரிப்பதை இதோடு முடித்துக்கொள்வோம்.

ஊரிலிருந்து வந்த மறுநாள் காலையில் அவளைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுக் கம்பெனிக்குத் தூக்கிப்போனேன். வாயில் நிப்பிள் இல்லை. ஆடிட் முடிந்தாலும் அறை எங்கே ஓடிவிடப் போகிறது என்று நீ எழுதியிருந்தாயே, அறை ஓடவில்லை. அங்கேயேதான் இருக்கிறது. கூரை வரை அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். தொட்டில்களைக் காணோம். வாத்தின் தலை மட்டும் பெட்டிக்கு மேலே தெரிகிறது. மயிலாள் அக்கா பழையபடி பிசிர் வெட்டுகிறார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

சித்ராதேவி மேடம் கோபப்படவே இல்லை. "அது ஆடிட்டுக்காக ஓப்பன் பண்ணதுங்க. அடுத்த வருசம் வரும்போது முன்னாடியே சொல்லி உடறனுங்க, அப்பக் கொண்டாங்க" என்றார். பேச்சில் மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

நீ நேரத்தோடு அனுப்பியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் அக்கா. ஒரு வாரம் அவளைப் புதுத் துணியோடு தொட்டிலில் உட்காரவைத்து ஆடிட்டருக்குக் காட்டியிருப்பார்கள். பிறகு கையில் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். உன் பொய்யால் என் பிழைப்புக் கெட்டது என்று சொல்லி உன்னைத் திட்டக்கூட எனக்கு வழியில்லாமல் போய்விட்டது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்து அவளைப் பழக்கப் பார்த்தேன். சர்க்கரை தொட்டு இட்லி கொடுத்தேன், தின்றாள். தூக்கம் வரும்போதுதான் எல்லாம். அம்மா அம்மா என்று அழுவாள். இதோ இருக்கிறேன் என்று கிட்டே போனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் சத்தமாக அழுவாள். அவள் கேட்பது என்னை இல்லை. ராயபுரம் கடையில் புதிதாக ஒரு நிப்பிள் வாங்கினேன். ஆமாம், நான்தான் வாங்கினேன். வாயில் வைத்தேன். என்னமோ ஏதோ என்று எடுத்துப் பார்த்தாள், தூர எறிந்தாள். நன்றாகவே மறந்திருக்கிறாள்.

நேற்று மத்தியானம் அழுது அழுது ஓய்ந்து என் மடியில் ஏறிப் படுத்தாள். கையால் துழாவினாள். நானும் தடுக்கவில்லை. உனக்கு வந்ததே, எனக்கும் வந்துவிடாதா என்று ஒரு பேராசை. சப்பிப் பார்த்தாள். நிறுத்தினாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அடிக்கவில்லை, அழவும் இல்லை. இறங்கிப் போய்க் கதவுப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். யார் வீட்டிலோ வந்து காத்திருக்கும் பிள்ளை மாதிரி.

அந்தப் பூவை வைத்துக் கட்டிய நாளைச் சபிக்கிறேன். கட்டாமல் இருந்திருந்தால் என்ன தின்றிருப்போம் என்றும் தெரியவில்லை.

தீபாவளி லீவு முடிந்து அடுத்த திங்கட்கிழமை கம்பெனி திறக்கிறது. நான் வராவிட்டால் மிஷினில் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகச் சதீஷ்குமார் சொல்லி அனுப்பியிருக்கிறான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இந்த லைன் வீட்டில் ஆளில்லை. எல்லோரும் காலையில் பூட்டிவிட்டு மிஷினுக்குப் போகிறவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீயே வா. நான் கொண்டுவந்து விடமாட்டேன். நான் கொடுத்தேன் என்று இருக்க வேண்டாம், நீ வந்து தூக்கிப் போனாய் என்றே இருக்கட்டும். மாமி சொன்ன நிக்காஹ் பேச்சை என் காதுபட யாரும் எடுக்கக் கூடாது. நாளைக்கு அவள் வளர்ந்து கேட்டால், பெற்றவள் விட்டுவிட்டுப் போனாள் என்று சொல்லாதே. கம்பெனிக்குப் போனாள் என்று சொல்.

நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைக்காதே. உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை.

இந்தக் கடிதத்தை மாமிக்குப் படித்துக் காட்டு. இந்த முறை நீயாக எதையும் சேர்த்துப் படிக்க வேண்டியதில்லை. எனக்குச் சம்மதம்.

பெனாசிர்